தலைவர் வரவில்லை, மனைவி வருகிறார்: சோங் மெய்லிங்கின் போர்க்கால அமெரிக்கப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1942 நவம்பரில், சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் மனைவி சோங் மெய்லிங் அமெரிக்கா போய் இறங்கினார். ஏழு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தார். அந்தப் பயணத்தை யார் யார் எப்படித் திட்டமிட்டார்கள், எங்கே சொதப்பியது, என்ன கிடைத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஒரு தலைவரின் மனைவி ஊருக்குப் போகிறார், இதில் திட்டமிட அப்படி என்ன இருக்கிறது?

பிரதமரோ அதிபரோ வந்தால் வேலை சுலபம் என்றே சொல்வேன். எத்தனை குண்டு முழங்க வேண்டும், யார் வாசலுக்கு வர வேண்டும், எந்த வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்த மரபு. மனைவிக்கு அப்படி ஒரு பதவி வரிசை கிடையாது. அவர் அரசின் பிரதிநிதி இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது, ஆனால் அவர் பேசினால் கணவரே பேசியதாகத்தான் உலகம் எடுத்துக்கொள்ளும். அதனால் விமான நிலையத்துக்கு யாரை அனுப்புவது, எந்த வீட்டில் தங்க வைப்பது என்று ஒவ்வொன்றையும் புதிதாக யோசித்து முடிவு செய்ய வேண்டும். போர்க்காலத்தில் இந்த முடிவுகளை எதிரியும் பார்த்துக்கொண்டிருப்பான், கூட்டாளி நாடுகளும் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரியைவிடக் கூட்டாளிதான் அதிகம் உற்றுப் பார்ப்பார்.

மெய்லிங் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, பலருக்கு இது தெரியாது. 1942-இல் சீனாவின் அரசுத் தலைவர் பெயரளவில் சியாங் இல்லை. தேசிய அரசின் தலைவராக இருந்தவர் லின் சென் என்ற முதியவர். அவர் 1943 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இறந்த பிறகுதான் அந்தப் பதவி சியாங்குக்கு வந்தது. அதுவரை சியாங் ராணுவக் குழுவின் தலைவர், அரசாங்கத்தை நடத்துபவர், எல்லா அதிகாரமும் கையில் வைத்திருந்தவர். ஏட்டில் உள்ளபடி பார்த்தால் மெய்லிங் அரசுத் தலைவரின் மனைவிகூட இல்லை. ஆனால் அந்த ஏட்டை வாஷிங்டனில் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

அழைத்தது யார்?

இரண்டு பக்கத்திலிருந்தும் அழைப்பு போனது. அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் கடிதம் எழுதி அழைத்தார். 1940 தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்ற வெண்டல் வில்கி, அதே ரூஸ்வெல்ட்டின் ஆதரவோடு உலகம் சுற்றி வந்தபோது 1942 அக்டோபரில் சீனாவின் போர்க்காலத் தலைநகர் சோங்சிங்குக்குப் போனார். நீங்களே நேரில் வந்து அமெரிக்க மக்களிடம் பேசுங்கள் என்று அவரும் வற்புறுத்தினார். ஆளுங்கட்சி வீட்டிலிருந்து ஒரு அழைப்பு, எதிர்க்கட்சித் தலைவரிடமிருந்து இன்னொன்று. ஒரு மனைவிக்கு இதைவிட நல்ல நுழைவுச் சீட்டு எது? அழைப்பில் "அரசுமுறைப் பயணம்" என்ற சொல்லே வராததுதான் இதில் அழகு.

சியாங் தானே போயிருக்கலாமே?

போர்முனையை விட்டு அவர் வெளியேற முடியாது, அது முதல் காரணம். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, அது இரண்டாவது. மெய்லிங்கோ சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர், ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்து, 1917-இல் வெல்லெஸ்லி கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவருடைய ஆங்கிலத்தில் தென்மாநில வாடை அடிக்கும் என்று கேட்டவர்கள் சொல்வார்கள்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலைவர் நேரில் போய்க் கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அது இரு நாட்டுக்கும் இடையிலான விரிசல், செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்துவிடும். மனைவி கேட்டு மறுத்தால் அப்படி ஒன்று நடந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கேட்கவும் செய்யலாம், கேட்கவில்லை என்று சொல்லவும் செய்யலாம்.

மருத்துவத்துக்குத்தான் போனார் என்கிறார்களே, அது வெறும் சாக்கா?

சாக்கு இல்லை, ஆனால் சாக்காகவும் பயன்பட்டது. 1937-இல் நடந்த கார் விபத்தில் அவருக்கு அடிபட்டிருந்தது. தோல் நோயும் தூக்கமின்மையும் பல ஆண்டுகளாக இருந்தன. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த மருத்துவமனையின் ஹார்க்னெஸ் பிரிவில் பிப்ரவரி வரை சிகிச்சை எடுத்தார். அவருக்காக ஒரு தளம் முழுவதும் ஒதுக்கப்பட்டிருந்தது.

இப்படி நோயாளியாக வந்து இறங்கியதில் ஒரு பெரிய வசதி உண்டு. நோயாளிக்கு அரசு வரவேற்பு தேவையில்லை, நிகழ்ச்சி நிரல் தேவையில்லை, எதற்காக வந்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள், படுக்கையில் இருந்தபடியே யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம். எலினோரே மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார். தன் மகளைப் போல அவரைக் கவனித்துக்கொள்ளத் தோன்றியது என்று பிறகு எழுதினார். அந்தப் பாசம் கடைசிவரை அப்படியே இருக்கவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

போரின் நடுவில் எந்த வழியாகப் போனார்?

கிழக்கே பசிபிக் பக்கம் ஜப்பானியர். அதனால் மேற்கே சுற்றித்தான் போக வேண்டும். அமெரிக்கா அனுப்பிய நான்கு எஞ்சின் போயிங் ஸ்ட்ராட்டோலைனர் விமானத்தில் வந்தார். கிளம்பும் நாள் வெளியே சொல்லப்படவில்லை.

இறங்கியதும் யார் வரவேற்றார்கள்?

நவம்பர் 27-ஆம் தேதி, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள மிட்செல் ராணுவ விமானத் தளம். வந்து நின்றவர் ஹாரி ஹாப்கின்ஸ். வெளியுறவுத் துறையில் அவருக்குப் பதவி கிடையாது, ஆனால் ரூஸ்வெல்ட்டின் வீட்டிலேயே தங்கி, அவர் மனதில் இருப்பதை அறிந்து வேலை பார்த்தவர். பதவி இல்லாத விருந்தாளிக்கு அந்தத் துறையில் பதவி இல்லாத ஆளை அனுப்பினார்கள் என்று சொல்லலாம், ஆனால் அந்த ஆளிடம் சொன்னால் அன்றே அதிபர் காதுக்குப் போய்விடும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

காரில் மருத்துவமனைக்குப் போகும்போதே கதை தொடங்கிவிட்டது. நான் சிகிச்சைக்காக மட்டும்தான் வந்தேன் என்று ஹாப்கின்ஸிடம் சொன்ன கையோடு, முதலில் ஜப்பானை முழு பலத்தோடு அடிக்க வேண்டும் என்றார். சீனாவில் இருந்த அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல் மேல் அவருக்கு இருந்த கசப்பும், விமானப் படைத் தளபதி ஷெனால்ட் மேல் இருந்த நம்பிக்கையும் அந்தப் பேச்சிலேயே வெளிவந்துவிட்டன. ஹாப்கின்ஸ் அதையெல்லாம் குறித்து வைத்தார்.

சீனத் தூதரகம் என்ன செய்துகொண்டிருந்தது?

நல்ல கேள்வி, ஏனென்றால் பயணத்தின் பலவீனமே அங்கேதான். தூதராக இருந்தவர் வெய் தாவோமிங், சில மாதம் முன்புதான் ஹூ ஷிக்குப் பதிலாக வந்தவர். அவருக்கு மேலே வெளியுறவு அமைச்சர் டி. வி. சோங், மெய்லிங்கின் சொந்த அண்ணன், பெரும்பாலும் வாஷிங்டனிலேயே இருந்து உதவி கேட்டுக்கொண்டிருந்தவர். முறையாகப் பார்த்தால் இந்த இருவர் வழியாகத்தான் எல்லாம் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே போட்டி இருந்தது. அக்கா மகனும் அக்கா மகளும்தான் மெய்லிங்கைச் சுற்றி நின்று யார் பார்க்கலாம், யார் கூடாது என்று தீர்மானித்தார்கள். பத்திரிகை வேலையை ஹாலிங்டன் டோங் என்ற தகவல் துறை அதிகாரி பார்த்தார், அவர் தொழில் தெரிந்தவர், அதனால் அந்தப் பக்கம் மட்டும் ஒழுங்காக ஓடியது.

ஆக, ஒரே நாட்டுக்காக ஒரே ஊரில் இரண்டு குரல்கள். வெள்ளை மாளிகையில் கேட்டவர்களுக்கு எது சியாங்கின் குரல் என்று குழப்பம். இன்றைக்கும் இது மாதிரிப் பயணம் ஏற்பாடு செய்பவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான்: விருந்தாளியின் நாட்குறிப்பு தூதரகத்தின் கையில் இருக்கிறதா, குடும்பத்தின் கையில் இருக்கிறதா?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பேசியது எப்படி முடிவானது? ஒரு மனைவி நாடாளுமன்றத்தில் பேசுவது வழக்கமா?

வழக்கமே இல்லை. அவருக்கு முன்னால் அங்கே உரையாற்றிய வெளிநாட்டுப் பெண் ஒருவர்தான், நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினா, 1942 ஆகஸ்டில். அவர் அரசி, நாட்டின் தலைவர். மெய்லிங்குக்கு அந்தத் தகுதி எதுவும் இல்லாதபோதும் மேடை கொடுத்தார்கள்.

1943 பிப்ரவரி 17 அன்று வாஷிங்டன் யூனியன் ரயில் நிலையத்துக்கு ரூஸ்வெல்ட் தம்பதியே வந்து அழைத்துப் போனார்கள். சக்கர நாற்காலியில் வாழ்ந்த மனிதர் நிலையத்துக்கு வருவது சாதாரணமில்லை. மறுநாள் பிப்ரவரி 18, முதலில் செனட், பிறகு பிரதிநிதிகள் சபை.

செனட்டில் பேச வேண்டியிருக்கும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, எழுதாமல் ஒரு கதை சொன்னார். டோக்கியோ மேல் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய அமெரிக்க டூலிட்டில் படையின் விமானி ஒருவர் சீனாவில் பாராசூட்டில் குதித்தார். கிராமத்து மக்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்த ஒரே சீனச் சொல்லைக் கத்தினார்: "மெய்குவோ". அமெரிக்கா என்று பொருள், எழுத்துக்கு எழுத்து பார்த்தால் "அழகிய நாடு". மக்கள் சிரித்து, தொலைந்துபோன தம்பியைப் போல அவரைக் கட்டிக்கொண்டார்களாம். செனட் உருகிவிட்டது. எதிர்பார்க்கவில்லை என்றவரிடம் இவ்வளவு பொருத்தமான கதை தயாராக இருந்ததைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அது இருக்கட்டும்.

பிரதிநிதிகள் சபையில் பேசியது எழுதிய உரை. ஹிட்லர்தான் முதல் எதிரி, ஜப்பானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு என்று அங்கே வெளிப்படையாகவே சொன்னார். "முதலில் ஐரோப்பா" என்பது ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் சேர்ந்து எடுத்த முடிவு. விருந்தளிக்கும் அதிபரின் போர்த் திட்டத்தை அவர் நாட்டு நாடாளுமன்றத்திலேயே நின்று கேள்வி கேட்கிறார், அவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். ஒரு பிரதமர் இதைச் செய்திருந்தால் பெரிய ரகளை ஆகியிருக்கும்.

ரூஸ்வெல்ட் கோபப்படவில்லையா?

வெளியே காட்டவில்லை. மறுநாள் பிப்ரவரி 19 அன்று மெய்லிங்கைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். உதவியை எப்படி வேகப்படுத்துவது என்ற கேள்விக்கு, இவ்வளவு சிக்கலைத் தீர்த்த அதிபரிடமே அதை விட்டுவிடுகிறேன் என்று மெய்லிங் நழுவினார். கடவுள் அனுமதிக்கும் வேகத்தில் அனுப்புவோம் என்றார் ரூஸ்வெல்ட். அதற்கு அவர், தனக்குத் தானே உதவிக்கொள்பவனுக்குத்தான் கடவுள் உதவுவார் என்று அவர்கள் ஊர்ப் பழமொழியையே திருப்பிச் சொன்னார். அறையே சிரித்தது. அதிபரும் சிரித்தார், வேறு என்ன செய்ய முடியும்.

பட்டுப் படுக்கை விரிப்பு கதை உண்மையா?

உண்மைதான் என்று அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளை மாளிகைக்குத் தன் சொந்தப் பட்டு விரிப்புகளைக் கொண்டுவந்தார், படுத்து எழும் ஒவ்வொரு தடவையும் மாற்றச் சொன்னார், பணியாளர்களைக் கை தட்டிக் கூப்பிட்டார். தோல் நோய்க்காரருக்குப் பட்டு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பஞ்சத்துக்கும் அகதிகளுக்கும் நிதி கேட்டு வந்தவர் பட்டு விரிப்பில் படுக்கிறார் என்ற பேச்சு கிளம்பிவிட்டால் விளக்கம் எதுவும் எடுபடாது. விருந்தாளியின் பழக்கவழக்கங்களை முன்கூட்டியே தூதரகம் சொல்லி வைப்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

நிலக்கரித் தொழிலாளர் தலைவர் ஜான் லூயிஸ் மாதிரி ஆளை உங்கள் நாட்டில் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று ரூஸ்வெல்ட் சாப்பாட்டு மேசையில் கேட்டபோது, மெய்லிங் பேசாமல் விரலைக் கழுத்தில் குறுக்கே இழுத்துக் காட்டினார் என்ற கதையும் உண்டு. எலினோரே எழுதியது. ஜனநாயகம் பற்றி அழகாகப் பேசத் தெரிந்தவர், அதை வாழத் தெரியாதவர் என்ற பொருளில் பிறகு எலினோர் சொன்னதும் இவரைப் பற்றித்தான்.

அதே சமயத்தில் எலினோரும் லண்டன் போனாரே, அது எப்படி?

மெய்லிங் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், 1942 அக்டோபரில். அழைத்தவர் அரசி எலிசபெத், இப்போதைய மன்னர் சார்லஸின் பாட்டி. பெண்களின் போர்ப் பணியைப் பார்ப்பதும் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களைப் பார்ப்பதும் நோக்கம் என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பயணத்துக்கு ரகசியப் பெயர் "ரோவர்". லண்டன் பாடிங்டன் நிலையத்துக்கு மன்னரும் அரசியும் நேரில் வந்தார்கள். பக்கிங்ஹாம் அரண்மனையில் குண்டுவீச்சில் கண்ணாடி போன ஜன்னல்கள், குளியல் தொட்டியில் ஐந்து அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிரப்பக் கூடாது என்று கறுப்புக் கோடு, வெள்ளித் தட்டில் ரேஷன் சாப்பாடு. இதையெல்லாம் மறைக்காமல் காட்டியது திட்டத்தின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். அமெரிக்கா திரும்பி அவர் எழுதப்போவதும் பேசப்போவதும் இதைத்தான் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

படைவீரர்கள் கம்பளிக் காலுறை போதவில்லை என்று புலம்பியதைத் தளபதி வரைக்கும் கொண்டுபோனார். கேட்டது சின்ன விஷயம், உடனே கிடைக்கக்கூடிய விஷயம். மெய்லிங் கேட்டதோ உலகப் போரின் திசையை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை, ஆனாலும் நான் வைத்துப் பார்ப்பதுண்டு.

மெய்லிங் இந்தியாவுக்கும் வந்தாராமே?

ஆமாம், 1942 பிப்ரவரியில், கணவரோடு. அங்கேயும் திட்டமிடலில்தான் இழுபறி. காந்தியைப் பார்க்க வார்தாவுக்குப் போக வேண்டும் என்று சியாங் விரும்பினார். அரசின் விருந்தாளி அரசை எதிர்ப்பவரின் ஆசிரமத்துக்குப் போவதா என்று சர்ச்சில் தடுத்தார். கடைசியில் பிப்ரவரி 18 அன்று கல்கத்தாவில் சந்தித்தார்கள், பல மணி நேரம் பேசினார்கள், மொழிபெயர்த்தவர் மெய்லிங். கிளம்பும்போது சியாங் விடுத்த செய்தியை வானொலியில் ஆங்கிலத்தில் வாசித்தவரும் அவர்தான். இந்தியர்களுக்கு உண்மையான அரசியல் அதிகாரம் கொடுங்கள் என்று பிரிட்டனைக் கேட்டது அந்தச் செய்தி. லண்டனுக்கு அது பிடிக்கவில்லை, அந்தக் கசப்பு அடுத்த ஆண்டும் ஒட்டிக்கொண்டே வந்தது.

இத்தனை மாதம் சுற்றியதில் சீனாவுக்குக் கிடைத்தது என்ன?

புகழ் ஏராளம். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ, ஏப்ரல் 4 அன்று ஹாலிவுட் பௌலில் 30,000 பேர். ஜூன் 16 அன்று கனடா நாடாளுமன்றத்திலும் பேசினார். சீன நிவாரண நிதி குவிந்தது. சீனர்கள் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்த 1882-ஆம் ஆண்டுச் சட்டம் 1943 டிசம்பரில் ரத்தானது. ஆண்டுக்கு 105 பேருக்கு இடம், அவ்வளவுதான், ஆனாலும் கதவு திறந்தது. இவர் பேச்சு அதற்கு உதவியது என்று நான் நம்புகிறேன்.

போர்த் திட்டம்? மாறவில்லை. முதலில் ஐரோப்பா என்பது அப்படியே நின்றது. ரூஸ்வெல்ட்டின் கணக்கும் ஆரம்பத்திலிருந்தே அதுதான் என்று படுகிறது: வரவேற்பு பிரமாதமாக இருக்கட்டும், வாக்குறுதி குறைவாக இருக்கட்டும். இந்த அம்மா எப்போது ஊருக்குப் போவார் என்று அதிபர் தவிக்கிறார் என நிதி அமைச்சர் மார்கன்தோ தன் குறிப்பில் எழுதினார். வரும் நாளை மட்டும் குறித்து, திரும்பும் நாளைக் குறிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

இந்தக் காலத்தில் இப்படி நடப்பதுண்டா?

உண்டு, ஆனால் எல்லாம் சுருங்கிவிட்டது. 2022 மே 8 அன்று, அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடன் ஸ்லோவாக்கியாவிலிருந்து எல்லை தாண்டி உக்ரைனின் உஷ்ஹோரோத் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உக்ரைன் அதிபரின் மனைவி ஒலேனா செலன்ஸ்காவைச் சந்தித்தார். உக்ரைனுக்குள் சுமார் இரண்டு மணி நேரம்தான், முன்கூட்டி அறிவிப்பு இல்லை. அன்றைக்கு அமெரிக்காவில் அன்னையர் தினம், அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தொழில் தெரியும். ஜூலையில் செலன்ஸ்கா வாஷிங்டன் போய்க் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் பேசினார். நேரடியாக வான் பாதுகாப்பு ஆயுதம் வேண்டும் என்றார். மெய்லிங் செய்த வேலைதான், ஏழு மாதத்துக்குப் பதில் ஒரு சில நாளில்.

அமெரிக்கா வரை போன மெய்லிங் ஏன் லண்டனுக்குப் போகவில்லை?

பிரிட்டன் அழைத்தது, அவர் போகவில்லை. உடல்நிலையும் ஒரு காரணம். இந்தியா விஷயம் ஒன்று. 1943 மார்ச்சில் சர்ச்சில் போருக்குப் பிந்தைய உலகம் பற்றி வானொலியில் பேசியபோது வல்லரசுகளின் வரிசையில் சீனாவைச் சேர்க்காதது இன்னொன்று.

மே மாதம் சர்ச்சிலே வாஷிங்டன் வந்தார். மெய்லிங் அப்போது நியூயார்க்கில். அவர் என்னைப் பார்க்க இங்கே வரட்டும் என்றார் இவர். ரூஸ்வெல்ட் இருவரையும் சேர்த்து வைக்க வெள்ளை மாளிகையில் மதிய உணவுக்கு அழைத்தார், இவர் வர மறுத்தார். கூட்டணி ஒற்றுமைக்காக வேண்டுமானால் பாதி வழியில் சந்திக்கிறேன் என்று சர்ச்சில் சொல்லி அனுப்பினார். அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டார்கள், சந்திப்பு நடக்கவில்லை. யார் யாரைத் தேடிப் போவது என்ற ஒரே கேள்வியில், சில மணி நேர ரயில் தூரத்தில் இருந்த இருவரும் பார்க்காமலே திரும்பினார்கள்.

நவம்பரில் கெய்ரோ மாநாட்டுக்கு மெய்லிங் கணவரோடு வந்தார், அங்கேயும் மொழிபெயர்த்தார். சர்ச்சில் அவரிடம் பேசிவிட்டு, அமெரிக்காவில் ஒரே சமயத்தில் இருந்தும் சந்திக்க முடியாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். இனிமேல் இந்த மாதிரிச் சம்பிரதாயங்கள் நமக்குள் குறுக்கே வரக் கூடாது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்களாம்.